மதினிக்கு ஒரு மாஸ்க்

ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளப் போவதாக ஒரு பெண் சொன்னால், நம் ஊரில் முதலில் வரும் கேள்வி ‘பயமா இல்லையா?’ அடுத்தது ‘வீட்டுல விட்டாங்களா?’ ‘உங்க முகத்துக்குப் பொருந்துற மாஸ்க் கிடைச்சுதா?’ என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. என் மதினிக்கு நடந்ததைப் பார்த்த பிறகு, முதலில் கேட்க வேண்டியது இதுதான் என்று தோன்றுகிறது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். அண்ணன் மனைவியை எங்கள் ஊரில் மதினி என்போம். என் மதினிக்கு வயது 46. பள்ளியில் கணக்கு டீச்சர். உயரம் ஐந்து அடியைத் தொடாது. தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். ஏழு வயதில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, அவருடைய அப்பா கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கியிருக்கிறார். இன்றைக்கும் ஆற்றில் தண்ணீர் வந்தால், அண்ணன் படித்துறையில் நின்று ‘போதும், போதும்’ என்று கத்திக்கொண்டிருப்பார். மதினி அக்கரைக்குப் போய்த் திரும்பியிருப்பார்.

போன கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு கடற்கரை ஊருக்குச் சுற்றுலா போனவர்கள், ‘ட்ரையல் டைவ்’ என்று தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டி இறங்கியிருக்கிறார்கள். அண்ணனும் பிள்ளைகளும் மீன்களைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஏறி வந்தார்கள். மதினி ஐந்தே நிமிடத்தில் மேலே வந்து, படகில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “மேடத்துக்குப் பயம் சார். நிறைய லேடீஸுக்கு இப்படித்தான்” என்று கூட்டிப்போன பையன் அண்ணனிடம் சொன்னானாம். அன்றிலிருந்து வீட்டில் அது ஒரு நகைச்சுவைத் துணுக்காகிவிட்டது. என் அண்ணன் மகன் அதை நடித்தே காட்டுவான். கைகளை ஆட்டி, கண்ணை உருட்டி, ‘அம்மா மேலே வந்துட்டாங்க!’

நான் சென்னையில் இருக்கிறேன். ஏழு வருடங்களுக்கு முன்னால் புதுச்சேரியில் டைவிங் கற்றுக்கொண்டேன். வருடத்துக்கு நாலைந்து முறையாவது கடலுக்குள் போய்விடுவேன். ஒரு காதுகுத்து விழாவில் பந்திக்குக் காத்திருந்தபோது மதினி என்னிடம் மெதுவாகச் சொன்னார். “எனக்குத் தைரியம் பத்தல பாத்துக்க. வயசாயிருச்சுல்லா.”

“என்ன ஆச்சுன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க மதினி” என்றேன்.

“கண்ணாடிக்குள்ள தண்ணி வந்துட்டே இருந்துச்சு. மூக்குல ஏறுச்சு. போட்டிருந்த ரப்பர் சட்டை கழுத்தப் புடிச்சு இறுக்குச்சு, மூச்சே விட முடியல. முதுகுல கட்டுனது தொளதொளன்னு ஒரு பக்கமா சரியுது.”

இதில் பயம் எங்கே இருக்கிறது? மாஸ்க் பொருந்தவில்லை. வெட்சூட் பொருந்தவில்லை. பிசிடி பொருந்தவில்லை. மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல நீச்சல்காரியைப் பயந்தாங்கொள்ளி என்று பெயரெடுக்க வைத்திருக்கின்றன.

ஸ்கூபா சாமான்களில் பெண்களுக்கென்று தனி அளவுகள் வந்து பல காலம் ஆகிவிட்டது. 1955-லேயே டாட்டி ஃப்ரேசியர் என்ற பெண் அமெரிக்காவின் முதல் பெண் ஸ்கூபா இன்ஸ்ட்ரக்டர் ஆனார். டைவிங் கடை நடத்தினார், வெட்சூட்டும் தைத்தார். ஆனாலும் வாடகைக்குக் கொடுக்கும் இடங்களில் இன்றும் பெரும்பாலும் தொங்குவது ‘யுனிசெக்ஸ்’. யுனிசெக்ஸ் ‘ஸ்மால்’ என்றால், நடைமுறையில் அது ஒல்லியான ஆணின் அளவு. தோள் அகலம், இடுப்பு நேர்கோடு. இது கடலோடு நிற்கிற கதையும் இல்லை. 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் சேர்ந்து விண்வெளியில் நடக்கவிருந்தார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் அவர்களுக்குப் பொருந்தும் மீடியம் அளவு மேலுடையில் ஒன்றுதான் தயாராக இருந்ததால், நாசா அந்தத் திட்டத்தை மாற்றியது. அங்கேயே அப்படியென்றால், கடற்கரைக் கொட்டகையில் மதினிக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யூகித்துக்கொள்ளுங்கள்.

நம் பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களை நினைத்துக்கொள்வேன். மன்னார் வளைகுடாவில் தலைமுறைகளாக மூச்சை அடக்கி மூழ்குகிறவர்கள். சேலையை வேட்டி போலப் பாய்ச்சிக் கட்டி, அதன்மேல் ஒரு சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கீறாமலிருக்க விரல்களில் துணிச்சுற்று. யாரும் அவர்களுக்காக எதையும் தயாரிக்காததால், கிடைத்ததைத் தங்கள் அளவுக்கு மாற்றிக்கொண்டவர்கள். கடலில் இறங்கும் தமிழ்ப் பெண் புதிய விஷயமே இல்லை. அவள் அளவுக்குச் சாமான்தான் இல்லை.

மதினி சென்னைக்கு வந்த ஒரு சனிக்கிழமை, டைவிங் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். அண்ணனும் வந்தார். உள்ளே நுழைந்ததும் அவர் கண் போனது சுவரில் தொங்கிய ரெகுலேட்டர் மீது. பெரிய சாமான், பெரிய விலை, அதுதான் முக்கியம் என்பது அவர் கணக்கு. நான் மதினியை மாஸ்க் அலமாரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மாஸ்க்குக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மாஸ்க்குக்குள் இருக்கும் காற்று சுருங்கி, கண்ணாடி முகத்தோடு ஒட்டி இழுக்கும். மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்றை ஊதி அதைச் சரிசெய்ய வேண்டும். அதனால்தான் டைவிங் மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடுகிறது. நீச்சல் குளத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டைவ் செய்யக் கூடாது என்பதும் இதனால்தான். முகம் முழுவதையும் மூடும் ஸ்நார்க்கல் மாஸ்க் இப்போது ஆன்லைனில் நிறைய விற்கிறது. அது மேற்பரப்பில் மிதந்து மீன் பார்க்க மட்டும். ஸ்கூபாவுக்கு ஆகாது.

மாஸ்க்கில் லேசாகத் தண்ணீர் வருவது எல்லோருக்கும் நடக்கும். வாயால் மூச்செடுத்து, மாஸ்க்கின் மேல் விளிம்பை அழுத்தி, மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ்வழியாக வெளியேறிவிடும். பயிற்சியில் முதல் நாளே இதைச் சொல்லித்தருவார்கள். ஆனால் நிமிடத்துக்கு நாலு தடவை ஊதிக்கொண்டிருந்தால் பவளப்பாறையை எப்போது பார்ப்பது? பதற்றம் கூடும், மூச்சு வேகமாகும், சிலிண்டர் காலியாகும். பத்து மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் தரையில் ஆவதைப் போல இரண்டு மடங்கு காற்று செலவாகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஒன்று. அந்தச் சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். நாம் சுவாசிக்கும் இதே சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருப்பார்கள்.

கடையில் மாஸ்க்கைச் சோதிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் மகளுக்கோ தங்கைக்கோ உதவும்.

முன்நெற்றி முடியை முழுவதும் பின்னுக்குத் தள்ளிவிடுங்கள். மாஸ்க்கின் பட்டையைத் தலையில் மாட்டாமல், மாஸ்க்கை மட்டும் முகத்தில் வையுங்கள். மூக்கால் மிக லேசாக மூச்சை உள்ளே இழுத்துவிட்டுக் கையை எடுங்கள். விழாமல் நிற்க வேண்டும். பலமாக இழுத்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டும். அது கணக்கில்லை. கடைக்காரர் இதோடு நிறுத்திவிடுவார். நீங்கள் நிறுத்தாதீர்கள். ஸ்நார்க்கலின் வாய்ப்பகுதியைக் கடித்துக்கொண்டு திரும்பவும் சோதியுங்கள். வாயில் ஒன்றைக் கடித்தால் கன்னம் வேறு வடிவத்துக்கு வரும். நேராக நின்ற மாஸ்க் அப்போது ஓரத்தில் தூக்கும். பிறகு சிரியுங்கள். மூக்கிலிருந்து வாய்வரை விழும் சிரிப்புக் கோடு இருக்கிறதே, நாற்பது தாண்டிய நமக்கெல்லாம் அந்த வாய்க்கால் வழியாகத்தான் தண்ணீர் வரும். கண்ணாடி உங்கள் புருவத்தையும் மூக்குத் தண்டையும் தொடக் கூடாது. வெளியிலிருந்தே மூக்கைப் பிடித்து அடைக்க முடிய வேண்டும். காது அடைப்பை எடுக்க அது தேவைப்படும். கண்ணாடியில் ‘டெம்பர்டு’ என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

மதினி ஒன்பது மாஸ்க் போட்டுப் பார்த்தார். எட்டு வாய்ப்பகுதியைக் கடித்ததும் ஓரத்தில் தூக்கிக்கொண்டன. பொறுமையிழந்த அண்ணன், “பட்டையை டைட்டா போட்டா சரியாப் போயிரும்” என்றார். இல்லை. பட்டையை இறுக்கினால் சிலிக்கான் விளிம்பு மடங்கி இன்னும் அதிகமாகத் தண்ணீர் வரும். ஒன்பதாவது, ஒடுங்கிய முகத்துக்கான சின்ன மாஸ்க். வாயில் கடித்தபோதும் சிரித்தபோதும் அசையவில்லை. கறுப்பு நிறம். பக்கத்தில் ‘லேடீஸ்’ என்று எழுதிய இளஞ்சிவப்பு மாஸ்க் ஒன்று இருந்தது. அதுவும் தோற்ற எட்டில் ஒன்று. நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு ‘லேடீஸ் மாடல்’ என்று விற்பதும் உண்டு என்பதால், பெயரை நம்பாமல் முகத்தில் வைத்துப் பார்ப்பதே உத்தமம்.

வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லாத சில விஷயங்கள் நமக்கு உண்டு. ஸ்டிக்கர் பொட்டு மாஸ்க்கின் மேல் விளிம்புக்கு அடியில் மாட்டினால் தண்ணீர் கசியும். அன்றைக்கு எடுத்துவிடுங்கள். மூக்குத்தி சிறிதாக, தட்டையாக இருந்தால் பிரச்னையில்லை. எட்டுக்கல் பேசரி போட்டிருந்தால் மூக்கைப் பிடித்து அழுத்தும்போது வலிக்கும். நீளக் கூந்தலைக் கழுத்துக்குக் கீழே தழையப் பின்னிவிட வேண்டும். உச்சிக் கொண்டை போட்டால் பட்டை நிற்காது. ஒரு முடி விளிம்புக்கு அடியில் சிக்கினாலும் போதும், தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும். ரப்பர் பட்டை முடியைப் பிய்க்காமலிருக்க, அதன்மேல் மாட்டும் துணி உறை கிடைக்கிறது. விலை குறைவு, நிம்மதி அதிகம்.

மதினிக்கு மூக்குக்கண்ணாடி உண்டு. அதன் கம்பிகள் மாஸ்க் விளிம்பைத் தூக்கிவிடும் என்பதால் உள்ளே போட முடியாது. சில மாஸ்க்குகளில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பவர் உள்ள ரெடிமேட் கண்ணாடியை மாட்டலாம். அரை அரை எண்ணாகக் கிடைக்கும். நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். கூடவே வெள்ளெழுத்தும் வந்துவிட்டதால், காற்று மீட்டரைப் படிக்கக் கீழ்ப்பகுதியில் ஒட்டும் சின்ன லென்ஸ் ஒன்று. தண்ணீருக்கடியில் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்றதும் கணக்கு டீச்சர் மகிழ்ந்துபோனார். “அப்போ பேப்பர் திருத்த அங்கயே போயிரலாம்.”

புது மாஸ்க்கில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். அதனால் பனி மூடியதுபோல மங்கும். வெள்ளைப் பற்பசையை உள்கண்ணாடியில் விரலால் நன்றாகத் தேய்த்து இரண்டு மூன்று முறை கழுவினால் போய்விடும். பிறகு ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு முன் எச்சிலோ, ஒரு சொட்டு பேபி ஷாம்புவோ போதும்.

அடுத்தது காலில் மாட்டும் ஃபின்ஸ். இதில் எனக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான். புதிதாகக் கற்கும், சிறிய உருவம் கொண்ட பெண்ணுக்கு விறைப்பான, நீளமான ஃபின்ஸ் வேண்டாம். ஒவ்வொரு உதைக்கும் தொடையும் கெண்டைக்காலும் பேசும். மென்மையான, குட்டையான தகடு போதும். வெறும் காலில் செருப்புபோல மாட்டும் முழுப்பாத வகை, நம் வெதுவெதுப்பான கடலில் படகிலிருந்து குதிப்பவர்களுக்குச் சரி. கரையிலிருந்து கல்லில் நடந்து இறங்க வேண்டியிருந்தால், ரப்பர் ஷூ போட்டு அதன்மேல் மாட்டும் பின்பக்கம் திறந்த வகை வேண்டும். மதினி காலுக்கு 36-37 அளவு முழுப்பாதம் பொருந்தியது. ஆனால் மெட்டி அழுத்தியது. “கழத்த மாட்டேன், அத மட்டும் சொல்லாத” என்றார். நான் சொல்லவில்லை. மெல்லிய சாக்ஸ் போட்டு மாட்டிப் பார்த்தோம். சரியாகிவிட்டது. குதிகால் வழுக்காமல், கால்விரல் மடங்காமல் இருந்தால் போதும்.

வெட்சூட்டுக்குத்தான் மதினி கூச்சப்பட்டார். உண்மையில் சுடிதாரைவிட உடம்பை அதிகமாக மூடும் உடை அது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை. உடலோடு ஒட்டியிருப்பதுதான் கூச்சத்துக்குக் காரணம். அப்படி ஒட்டித்தான் ஆக வேண்டும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை எடுத்துவிடும். 28 டிகிரி கடலில்கூட முக்கால் மணி நேரத்தில் பல் கிட்டும். வெட்சூட் ஈரத்தைத் தடுப்பதில்லை. உள்ளே நுழைந்த கொஞ்சம் தண்ணீரை அங்கேயே பிடித்துவைத்து, ரப்பருக்குள் இருக்கும் காற்றுக் குமிழ்களால் சூடு போகாமல் காக்கிறது. தொளதொளவென்றிருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் புதுத் தண்ணீர் புகுந்து வெளியேறும். போட்டும் பிரயோஜனமில்லை.

ஆண் அளவு ‘ஸ்மால்’ மதினிக்கு என்ன செய்தது என்று இப்போது புரியும். தோளும் முதுகும் காலியாகத் தொங்கின. இடுப்பில் ஏறவில்லை. இடுப்பு பிடித்துக் கீழே இழுத்ததால் கழுத்து இறுகியது. நெஞ்சு அமுங்கியது. கழுத்து இறுகினால் தரையிலேயே மூச்சு முட்டுவதுபோல இருக்கும். பெண்களுக்கான வெட்சூட்டில் மார்பிலும் இடுப்பிலும் இடம் விட்டு, இடையில் குறுக்கியிருப்பார்கள். போட்டபின் இரண்டு கையையும் மேலே தூக்குங்கள், குந்தி உட்காருங்கள், ஆழமாக ஒரு மூச்சு எடுங்கள். முதுகின் கீழ்ப்பகுதியில் கை நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. அந்தமானுக்கு 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். உள்ளே முழங்கை வரை வரும் லைக்ரா மேல்சட்டையும் லெக்கிங்ஸும் போட்டுக்கொண்டால், படகில் பத்து பேர் நடுவே ஜிப்பை இறக்குவதற்குத் தயங்க வேண்டியதில்லை. மாட்டும்போது பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டால் கால் சர்ரென்று நுழையும். இதைச் சொல்லிக்கொடுத்ததற்காகவே மதினி எனக்கு ஒரு காபி வாங்கித் தந்தார்.

வெட்சூட் விஷயத்தில்தான் அந்தக் கேள்வியும் வந்தது. அண்ணன் அந்தப் பக்கம் போனபிறகு, “தாலிக்கொடி?” என்றார் மெதுவாக. உள்ளே போட்டு மேலே வெட்சூட் மாட்டிவிட்டால் எங்கும் சிக்காது. ஆனால் ஆடும் படகில் ஈரக் கையோடு உரித்துக் கழற்றும்போது கொடி அறுந்தாலும் தெரியாது, நழுவினாலும் கிடைக்காது. என்னோடு டைவ் செய்யும் சிலர், அந்த நாள்களுக்கு மட்டும் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சிலர் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். அவரவர் முடிவு. மதினி ஊருக்குப் போய் என் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். “நானெல்லாம் ஆத்துல முங்கையில கயிறுதான போட்டிருந்தேன். இதுக்கு என்னத்துக்கு ரோசன?” என்று அம்மா முடித்துவிட்டார்.

பிசிடி என்பது சிலிண்டரைத் தாங்கும், காற்றடைத்து மிதக்க உதவும் மேற்சட்டை. மதினியிடம் ‘உங்க அப்பா கட்டிவிட்ட சுரைக்குடுக்கைதான், ஆனா இதுல காத்த கூட்டலாம் கொறைக்கலாம்’ என்றேன். அதோடு விளக்கம் முடிந்தது. இதை வாங்கவில்லை. ஆனால் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று போட்டுப் பழகினார். மாட்டி, பட்டைகளை இழுத்து, முழுக்கக் காற்றடைத்துவிட்டு, பின்னால் நிற்பவரைத் தோள் பக்கமாக மேலே தூக்கச் சொல்ல வேண்டும். சட்டை மட்டும் காதுவரை ஏறி உடம்பு கீழேயே நின்றால் பெரிய அளவு என்று அர்த்தம். கடலில் மிதக்கும்போதும் அதேதான் நடக்கும். நெஞ்சுப் பட்டை மார்பகத்தின் மேல் அழுத்தாமல் அதற்கு மேலே ஓட வேண்டும். காற்றடைத்த பிறகும் தாராளமாக மூச்சு விட முடிய வேண்டும். வாடகைக்கு எடுப்பவர்கள் ஒரு வாரம் முன்பே உயரம், எடை, செருப்பு அளவு மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘எக்ஸ்ட்ரா ஸ்மால் இருக்கிறதா, பெண்கள் அளவு இருக்கிறதா’ என்று கேளுங்கள். ‘வாங்க மேடம், பாத்துக்கலாம்’ என்று பதில் வந்தால் நான் வேறு இடம் பார்ப்பேன்.

சாதாரண அலுமினிய சிலிண்டர் காற்றோடு ஏறக்குறைய 17 கிலோ. 48 கிலோ மதினிக்கு அது உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். படகு பெஞ்சில் உட்கார்ந்தபடி மாட்டிக்கொள்ளலாம். தண்ணீரில் இறங்கியபின் மாட்டிவிடச் சொல்லியும் கேட்கலாம். கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி விஷயத்திலும் வாயைத் திறக்க வேண்டும். புதியவர்கள் சீக்கிரம் மூழ்கட்டும் என்று அதிகமாகக் கட்டிவிடும் வழக்கம் உண்டு. சரியான அளவு இது: பிசிடியில் காற்றில்லாமல், சாதாரண மூச்சைப் பிடித்து நேராக மிதந்தால், தண்ணீர் மட்டம் கண் உயரத்தில் நிற்க வேண்டும்.

ரெகுலேட்டர் ஆண், பெண் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் வாயில் கடிக்கும் சிலிக்கான் துண்டு அப்படியில்லை. சிறிய தாடைக்குப் பெரிய துண்டு போட்டால் கால் மணி நேரத்தில் தாடை வலிக்கும், உமட்டும், உதட்டோரம் தண்ணீர் கசியும். சின்ன அளவுத் துண்டு தனியாகக் கிடைக்கிறது. ரெகுலேட்டர் விலைக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. ஒன்று வாங்கி மதினியின் பையில் போட்டேன். வாடகை ரெகுலேட்டரிலும் இன்ஸ்ட்ரக்டரிடம் கொடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

ஆக, அன்றைக்கு வாங்கியது பவர் கண்ணாடியோடு மாஸ்க், ஸ்நார்க்கல், ஃபின்ஸ், வெட்சூட், அந்தத் துண்டு. அவ்வளவுதான். அண்ணனுக்கு ஏமாற்றம். “வாங்குறதோட வாங்கிரலாம்ல, ரெகுலேட்டரும் அந்தச் சட்டையும்?” ரெகுலேட்டர், பிசிடி, டைவ் கம்ப்யூட்டர் மூன்றும் சேர்ந்தால் லட்ச ரூபாயைத் தொட்டுவிடும். ரெகுலேட்டரை வருடந்தோறும் சர்வீஸுக்கும் கொடுக்க வேண்டும். பதினைந்து, இருபது டைவ் முடிக்காமல் தனக்கு எது ஒத்துவரும் என்று யாருக்கும் தெரியாது என்பது என் எண்ணம். அடுத்து வாங்குவதாக இருந்தால், எவ்வளவு ஆழம், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று காட்டும் கைக்கடிகாரம் போன்ற டைவ் கம்ப்யூட்டரைத்தான் சொல்வேன்.

பயிற்சிக்குச் சேரும்போது உடல்நலக் கேள்வித்தாள் கொடுப்பார்கள். அதில் மறைக்காமல் எழுதுங்கள். ‘ஆம்’ என்று வந்தால் டாக்டர் பார்த்துக் கையெழுத்திட வேண்டியிருக்கும். கர்ப்பிணிகள் டைவ் செய்யக் கூடாது. மாதவிடாய் நாள்களில், உடம்பு ஒத்துழைத்தால் செய்யலாம். சுறா வரும் என்பது கட்டுக்கதை.

மதினிக்கு முதல் பயிற்சி சென்னையில் ஒரு நீச்சல் குளத்தில். பிள்ளைகளையும் அழைத்து வந்திருந்தார், எதற்கென்று எனக்குத் தெரியும். கூடவே கற்க வந்த இருபத்தைந்து வயது ஐடி பையன் ஒருவன். இருவரும் ஒரே நேரத்தில் மூன்று மீட்டர் ஆழத்தில் போய் முழங்காலிட்டார்கள். மாஸ்க்கில் பாதி தண்ணீரை விட்டு ஊதி வெளியேற்றும் பயிற்சியில் மதினி முதல் தடவை இருமினார். இன்ஸ்ட்ரக்டர் கையைக் காட்டி நிதானப்படுத்தினார். இரண்டாவது தடவை சரியாக வந்தது. அப்புறம் மேலே வரவே இல்லை. பயிற்சி முடிந்து ஏறியபோது இன்ஸ்ட்ரக்டர் இரண்டு மீட்டரையும் பார்த்தார். மதினி சிலிண்டரில் அந்தப் பையனுடையதைவிட நிறையக் காற்று மிச்சமிருந்தது. சின்ன உடம்பு, நிதானமான மூச்சு. “மேடம் ரொம்ப காமா இருக்காங்க” என்று அவர் சொன்னபோது அண்ணன் மகன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவன் எதையும் நடித்துக்காட்டவில்லை. “எனக்கும் இந்த மாதிரி மாஸ்க் வேணும் அத்தை” என்றான் என்னிடம்.

பொங்கல் விடுமுறைக்கு அந்தமான் டிக்கெட் போட்டாகிவிட்டது. ஹேவ்லாக், இப்போதைய பெயர் ஸ்வராஜ் தீவு. அங்கே நாலு நாள் பயிற்சி. முடித்தால் 18 மீட்டர் வரை போக அனுமதிக்கும் சான்றிதழ் கிடைக்கும். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பதால், கடைசி நாளைப் போர்ட் பிளேரில் செல்லுலார் ஜெயிலைப் பார்க்க ஒதுக்கியிருக்கிறார்கள். நேற்று மதினி போன் செய்து, பெட்டி அடுக்குவதைப் பற்றிக் கேட்டார். ஃபின்ஸ் பெரிய பெட்டியில் போகட்டும். மாஸ்க் மட்டும் அதன் டப்பாவோடு கைப்பையில் வரட்டும் என்றேன். பெட்டி தொலைந்தால் புடவை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.